72 மணி நேர வேலை, 39 மணி நேரக் கூலி

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை ஏழெட்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் நியூயார்க்கில் வயதானவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தீர்கள். "அமெரிக்காவில் எந்த வேலை மோசமோ அது கடைசியில் வெள்ளையரல்லாத பெண்ணின் கைக்குத்தான் வந்து சேர்கிறது" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நானும் வெள்ளையரல்லாத பெண்தான். கோவையில் பி.இ. முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு 2009-ல் கல்யாணமாகி, வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் இங்கே வந்தேன். ஆறு வருடம் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தேன். அனுமதி கிடைத்ததும் முட்டி மோதி ஒரு வேலையில் சேர்ந்தேன், இன்று பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். எங்கள் ஹிக்ஸ்வில் பக்கம் என்னைப் போல நிறையப் பேர் உண்டு. இந்தியப் பெண்களின் சராசரிச் சம்பளம் இங்கே வெள்ளைப் பெண்களின் சராசரியை விட அதிகம், நீங்களே தேடிப் பார்க்கலாம். அப்படியானால் இது நிறத்தின் பிரச்சினை எப்படி ஆகும்? படிப்பு, உழைப்பு, இவைதானே காரணம்? வேலையில் இனமும் பாலும் பார்க்கக் கூடாது என்று 1964-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. எங்கள் வீட்டிலும் ஒரு எய்டு, நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்ளும் உதவியாளர், வருகிறார். மாமாவுக்குப் பார்க்கின்சன்ஸ். மெடிக்கெய்ட் என்ற அரசாங்க மருத்துவ உதவித் திட்டம் மூலம் ஏஜென்சி அனுப்புகிறது. ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண், தங்கமான மனுஷி. தீபாவளிக்கு இனிப்பும் பணமும் கொடுத்தோம், வீட்டு மனுஷியாகத்தான் நடத்துகிறோம். ஆனால் அது பெரிய பயிற்சி எதுவும் தேவைப்படாத வேலை, அதனால் சம்பளம் குறைவு, இதில் அநியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இப்போது மாமாவுக்கு ராத்திரியிலும் ஆள் வேண்டியிருக்கிறது. தூக்கத்தில் நாலைந்து தடவை எழுப்புகிறார். 24 மணி நேரமும் தங்குகிற மாதிரி அவரையே தருவதாக ஏஜென்சியில் சொல்கிறார்கள். எங்களுக்கும் அது வசதி. உங்கள் குறிப்பைப் படித்தபிறகு சம்மதிக்கக் கை வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.

எஸ்.
ஹிக்ஸ்வில், லாங் ஐலண்ட்

*

அன்புள்ள எஸ்.,

கடிதத்துக்கு நன்றி. பெயரைப் போட வேண்டாம் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள், முதலெழுத்தோடு விட்டுவிட்டேன்.

ஒரே வாக்கியத்தில் நீங்கள் தாண்டிப் போன ஒன்று இருக்கிறதே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஆறு வருடம். எச்-4 விசாவில் இருக்கும் மனைவிமார் சிலருக்கு வேலை அனுமதி தரும் விதி 2015 மே 26-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. மே 25-ம் தேதி ராத்திரி உங்களிடம் இருந்த படிப்பு, ஆங்கிலம், ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு எல்லாம் மறுநாள் காலையிலும் அதேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது அரசாங்கம் எழுதிய ஒரு விதி. அதற்கு முன்னால் ஆறு வருடம் யாராவது உங்களைப் பார்த்து "படித்த பெண் வீட்டில் சும்மா இருக்கிறாளே, முனைப்பு போதவில்லை" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? யாரோ சொல்லியும் இருப்பார்கள். அந்த வலியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். நான் சொல்லப்போவதும் அதே மாதிரி விதிகளைப் பற்றித்தான். யார் செய்வது வேலை, யார் செய்வது வேலையே இல்லை என்று காகிதத்தில் எழுதி வைத்த விதிகள்.

2025 ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தேன். அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. அவர்களுக்கும் ஏஜென்சி மூலம்தான் எய்டு. தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவிலிருந்து வந்தவர், ஐம்பத்தெட்டு வயது. வியாழன் காலை எட்டு மணிக்கு வந்தால் ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் போவார். கையில் ஒரு துணிப்பை. அதில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, மாற்றுத் துணி, மூன்று நாளைக்கான சோறும் பருப்பும் பிளாஸ்டிக் டப்பாக்களில்.

எனக்கு ஹாலில் சோபாவில் படுக்கை. தோழியின் அம்மா படுத்திருந்த அறைக்கதவு இடுக்கில் வெளிச்சம் வந்தால் எனக்கும் விழிப்பு வந்துவிடும். முதல் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு விளக்கு எரிந்தது, அப்புறம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அப்புறம் நாலு. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உதவிக்கு வரட்டுமா என்று இரண்டாம் நாள் எழுந்து போய் நின்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் செய்தார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வராத காலின் முட்டியை மெதுவாக மடக்கி வைத்தார். ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, அடியில் விரித்திருந்த துணியோடு சேர்த்துத் தன் பக்கமாக இழுத்துச் சாய்த்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துண்டு. அப்புறம் செல்போன் வெளிச்சத்தில் வால் எலும்புப் பக்கம் தோலைப் பார்த்தார், சிவப்பாக இருந்த ஓர் இடத்தில் விரலை அழுத்தி எடுத்தார். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை, அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம், நாளைக்கே நர்ஸிடம் சொல்லவேண்டும் என்றார். தோழியின் அம்மா தமிழில் ஏதோ புலம்பிக்கொண்டிருந்தார். இவர் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே செய்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

பெரிய பயிற்சி எதுவும் தேவைப்படாத வேலை என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில்தான் இந்த விரல் அழுத்தல் எனக்கு ஞாபகம் வந்தது. ஹோம் ஹெல்த் எய்டு ஆக அங்கே சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதற்கு மேல் அவருக்குத் தெரிந்ததெல்லாம் இருபது வருடத்தில் பல வீடுகளில் கற்றுக்கொண்டது, அதற்குச் சான்றிதழ் கிடையாது.

சரி, இப்போது கூலிக் கணக்கு. நியூயார்க் மாநிலத்தில் 24 மணி நேர எய்டுக்கு 13 மணி நேரக் கூலி கொடுத்தால் போதும். தூங்க எட்டு மணி நேரம், அதில் ஐந்து மணி நேரமாவது யாரும் எழுப்பாத தூக்கம், சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம், ஆக 11 மணி நேரத்தைக் கழித்துவிடுவார்கள். மாநில தொழிலாளர் துறை இப்படி வைத்துக்கொண்டது சரிதான் என்று 2019 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச அதிகாரம் படைத்த நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஐந்து மணித் தூக்கம் கிடைக்காவிட்டால் எட்டு மணி நேரத்துக்கும் கூலி தரவேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. ஆனால் தூங்கவில்லை என்பதை எய்டு சொல்லவேண்டும், ஏஜென்சி ஒத்துக்கொள்ளவேண்டும். சொன்னீர்களா என்று தோழி வீட்டு எய்டிடம் கேட்டேன். முன்பு வேறொரு கேஸில், அதாவது வேறொரு நோயாளி வீட்டில், ஒருதரம் எழுதிக் கொடுத்தாராம். அடுத்த வாரம் அந்தக் கேஸிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதற்கப்புறம் ஒரு மாதம் எந்தக் கேஸும் இல்லை. அதன்பிறகு எழுதுவதில்லை.

அவருடைய மூன்று நாளைக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் இருப்பது 72 மணி நேரம். சம்பளச் சீட்டில் வருவது மூன்று பதின்மூன்று, 39 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் தாண்டினால்தான் ஓவர்டைம். 39-ல் ஓவர்டைம் கிடையாது. 2025-ல் நியூயார்க் நகரத்திலும் லாங் ஐலண்டிலும் ஹோம் எய்டுகளுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 19 டாலர் 10 சென்ட். அந்தக் கணக்கில் 39 மணிக்கு 744 டாலர் 90 சென்ட் வரும். 72 மணிக்கும் கொடுத்திருந்தால், ஓவர்டைமைச் சேர்க்காமலே, 1,375 டாலர் 20 சென்ட். இதை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கக்கூட இல்லை. "எனக்குத் தெரியும்மா, பதினெட்டு வருஷமாக இதே கணக்குதான்" என்றார், ஆங்கிலத்தில்தான், ஆனால் அந்த "அம்மா" இருந்தது.

அப்புறம் இன்னொன்றையும் சொன்னார். தன் கொள்ளுப்பாட்டி மதராஸிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர் என்று. கயானாவில் இன்றும் மத்ராஸி என்று ஒரு பிரிவைச் சொல்வார்கள், மாரியம்மனுக்குப் பூசை வைப்பவர்கள், குவீன்ஸிலும் அவர்களுக்குக் கோயில்கள் உண்டு. நீங்கள் சொன்ன சராசரி ஞாபகம் வந்தது எனக்கு. இந்தியப் பெண்களின் சராசரிச் சம்பளம் அதிகம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சராசரியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு விசா வடிகட்டி வழியாக உள்ளே வந்தவர்கள். பட்டம் இருந்தால்தான், அல்லது பட்டம் இருப்பவரைக் கட்டிக்கொண்டால்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் நின்று பொறுக்கி எடுத்தவர்களின் சராசரி அது. கயானா வழியாகச் சுற்றிப் போன நம் பெண்ணுக்கு அந்த வடிகட்டி கிடையாது, அவர் கதை வேறு. ஆசியப் பெண்கள் என்று ஒரே கட்டத்தில் எல்லாரையும் போட்டுவிடுகிறார்கள், அதற்குள் நேபாளம், பர்மாவிலிருந்து வந்த பெண்கள் எங்கோ கீழே இருக்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1965 வரை இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேருக்குத்தான் குடியேற்ற ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்த சட்டம், கறுப்பினத்தவர் தெருவில் அடி வாங்கிப் போராடி வாங்கிய சிவில் உரிமைச் சட்டத்துக்கு அடுத்த வருடம், அந்த அலையில் வந்தது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நுழைந்த கதவு அப்படித்தான் திறந்தது.

மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள்? முழுநேர வேலை பார்க்கும் வெள்ளை ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் கறுப்பினப் பெண் வாங்குவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் 60 சென்ட்டுக்கும் கீழே. படிப்பால் இது சரியாகிவிடும் என்றால் பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண்ணுக்கும் பட்டம் வாங்கிய வெள்ளை ஆணுக்கும் இடையே இடைவெளி இருக்கக்கூடாது, ஆனால் இருக்கிறது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்களை வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், 2004-ல் முடிவு வெளியானது. படிப்பும் அனுபவமும் ஒப்பிடத்தக்கவை, பெயர் மட்டும் மாற்றம், சிலவற்றில் வெள்ளையர் வைக்கும் எமிலி, சிலவற்றில் கறுப்பினத்தவர் வைக்கும் லகீஷா. வெள்ளையர் பெயர் போட்டவற்றுக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது.

ஆனால் சம்பள இடைவெளியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்துவதில் எனக்கு இஷ்டமில்லை. வேலையின் தரம் என்பது கூலியோடு முடிந்துவிடாது. அடுத்த வாரம் எந்த நாள் வேலை என்று முன்கூட்டித் தெரியுமா, காய்ச்சல் வந்தால் கூலியோடு படுக்கமுடியுமா, தூங்காத ராத்திரியைத் தூங்காத ராத்திரி என்று எழுதமுடியுமா, எழுதினால் வேலை இருக்குமா. இந்த இடங்களில்தான் பெரிய வித்தியாசம். இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1930-களின் பெரிய பொருளாதார வீழ்ச்சியின்போது நியூயார்க்கில் பிராங்க்ஸ் தெருமுனைகளில் கறுப்பினப் பெண்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள். கையில் வேலைத்துணி சுற்றிய காகிதப் பொட்டலம். வீட்டுக்காரப் பெண்கள் வந்து பார்த்து, பேரம் பேசி, ஒரு மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ கூட்டிப்போவார்கள், ஜன்னல் துடைக்க, தரை தேய்க்க. மணிக்கு 15 சென்ட், 20 சென்ட், அதிர்ஷ்டம் இருந்தால் 30. எலா பேக்கர், மார்வெல் குக் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் நேரில் போய்ப் பார்த்து 1935-ல் இதை எழுதினார்கள், அடிமைச் சந்தை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே 1935-ல்தான் முதியோருக்கு ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமையைத் தரும் சட்டமும் வந்தன. 1938-ல் குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட்டுக்குக் குறையக்கூடாது என்று. இந்தச் சட்டங்களையெல்லாம் இன்றும் தொழிலாளர்களின் பொற்காலம் என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாடவேண்டியவைதான். ஆனால் மூன்றின் பாதுகாப்பும் இரண்டு வகை வேலைகளுக்குக் கிடைக்கவில்லை. ஒன்று வயல் வேலை, இன்னொன்று வீட்டு வேலை. தென் மாநிலங்களில் பருத்தி வயலிலும் வெள்ளையர் அடுப்படியிலும் நின்றவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. தென் மாநில உறுப்பினர்களின் ஓட்டு இல்லாமல் நாடாளுமன்றத்தில் எதுவும் நகராது, தங்கள் ஊர்க் கூலி ஏறுவதை அவர்கள் விடமாட்டார்கள். சட்டத்தில் கறுப்பினப் பெண் என்ற சொல் எங்கேயும் கிடையாது. அவள் செய்த வேலையின் பெயரை எழுதினார்கள், அதுவே போதுமாக இருந்தது.

1974-ல் வீட்டு வேலைக்காரர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த கையோடு ஒரு விலக்கு. எப்போதாவது பிள்ளை பார்த்துக்கொள்ள வருபவர்களுக்கும், முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் துணையிருப்பவர்களுக்கும் இது பொருந்தாது என்று. பக்கத்து வீட்டுப் பெண் சாயங்காலம் வந்து பாட்டியோடு உட்கார்ந்திருப்பதை மனதில் வைத்து எழுதியதாகச் சொல்வார்கள். ஆனால் மறுவருடமே தொழிலாளர் துறை, ஏஜென்சி வைத்து நடத்தும் எய்டுகளையும் இதே விலக்கில் சேர்த்துவிட்டது. ராத்திரி நாலு மணிக்கு வால் எலும்பில் விரல் வைத்துப் பார்ப்பவரும் துணையிருப்பவர் ஆகிவிட்டார்.

உங்கள் லாங் ஐலண்ட் இங்கேதான் வருகிறது. ஈவ்லின் கோக் என்று ஒரு பெண்மணி, ஜமைக்காவிலிருந்து வந்து குவீன்ஸில் வாழ்ந்தவர், லாங் ஐலண்ட் ஏஜென்சி ஒன்றுக்காகப் பல வருடம் எய்டாக இருந்தார். 24 மணி நேர ஷிஃப்ட்டுகள் பார்த்தார், ஓவர்டைம் என்று எதையும் கண்ணால் கண்டதில்லை. வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள், தொழிலாளர் துறையின் 1975 விதி செல்லும் என்று. 2009-ல் அவர் காலமானார், 74 வயது. ஒபாமா காலத்தில் 2013-ல் அந்த விதியை மாற்றினார்கள், ஏஜென்சிக்காரர்கள் அதையும் நீதிமன்றத்துக்கு இழுத்து, 2015-ல்தான் அமலுக்கு வந்தது. யோசித்துப் பாருங்கள், நீங்கள் வேலை அனுமதி வாங்கிய அதே வருடம். 2025 ஜூலையில் தொழிலாளர் துறை மறுபடியும் 1975-க்கே திரும்பலாம் என்று ஒரு முன்வரைவை வெளியிட்டது.

1964 சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது பெரிய சட்டம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்து நீதிமன்றம் போன ஐந்து கறுப்பினப் பெண்களின் வழக்கு ஒன்று இருக்கிறது. செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. 1964-க்கு முன்னால் அந்தக் கம்பெனி அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தார்கள். 1970-களில் மந்தம் வந்தபோது கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும் என்ற முறைப்படி ஆட்குறைப்பு நடந்தது, போனவர்கள் இவர்கள். வழக்கில் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? இன பேதம் என்று வழக்குப் போடலாம், பெண் என்பதால் பேதம் என்று போடலாம், இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு வகையை உண்டாக்க முடியாது. ஆலையில் பெண்களை எடுத்திருக்கிறார்கள், ஆனால் அந்தப் பெண்கள் வெள்ளையர். கறுப்பினத்தவரை எடுத்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஆண்கள். இரண்டு கட்டத்திலும் டிக் விழுந்துவிடுகிறது, நடுவில் நின்ற பெண்கள் யார் கண்ணிலும் படவில்லை. இது 1976. இந்த வழக்கைப் பிடித்துக்கொண்டுதான் 1989-ல் கிம்பர்லி கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர், இரண்டு ஒடுக்குமுறைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்பவளுக்கு என்ன ஆகிறது என்று எழுதினார், அதற்கு அவர் வைத்த 'இன்டர்செக்ஷனாலிட்டி' என்ற சொல் பின்னால் உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊரில் தலித் பெண்கள் பேசுகிற பேச்சை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

நான் தமிழில் 'வெள்ளையரல்லாத பெண்கள்' என்று எழுதுவது எனக்கே முழுத் திருப்தி இல்லை, அது வெள்ளையரை நடுவில் வைத்து மற்றவர்களை எண்ணுகிறது. ஆங்கிலத்தில் 'விமன் ஆஃப் கலர்' என்ற சொல் இன்றைய அர்த்தத்தில் எப்படி வந்தது என்று லொரெட்டா ராஸ் என்ற கறுப்பினப் போராளி சொல்லியிருக்கிறார். 1977-ல் ஹூஸ்டனில் பெண்கள் மாநாடு. கறுப்பினப் பெண்கள் தங்கள் கோரிக்கைகளை ஓர் அறிக்கையாக எழுதிக்கொண்டு போனார்கள், மற்ற சிறுபான்மைப் பெண்களும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள், சேர்ந்த கூட்டுக்கு வைத்த பெயர் அது. தோலைப் பார்த்து யாரோ ஒட்டிய பெயராக அது பிறக்கவில்லை. ஒருத்திக்காக இன்னொருத்தி நிற்பதற்கு வைத்த பெயர். நானும் வெள்ளையரல்லாத பெண்தான், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு நெருடியது இங்கேதான். நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம், மனதாரச் சொல்கிறேன். அந்த எய்டுக்கு எதிரான சாட்சியாக அதை நிறுத்தாதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், எனக்கு முக்கியமாகப் பட்டதும் அதுதான். 24 மணி நேரத்துக்கு ஒரே ஆளுக்குச் சம்மதிக்கலாமா? சம்மதிக்காதீர்கள். மெடிக்கெய்ட் என்பதால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. நியூயார்க் மாநில விதிகளில் ராத்திரியும் பகலும் பார்த்துக்கொள்வதற்கு இரண்டு வகை உண்டு. ஒன்று லிவ்-இன், ஒரே எய்டு தங்குவது, 13 மணி நேரக் கூலி. இன்னொன்று ஸ்பிளிட் ஷிஃப்ட் என்பார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட எய்டுகள் முறை வைத்து வருவது, பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டு மணி நேரம், விழித்திருக்கும் மணி எல்லாவற்றுக்கும் கூலி. நோயாளியின் தேவை எய்டைத் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கவிடாது என்றால் பொருந்துவது இரண்டாவது வகை. மாமா ராத்திரி நாலைந்து தடவை எழுப்புகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு வாரம் நோட்டில் நேரத்தோடு குறித்து வையுங்கள், எத்தனை மணிக்கு எழுந்தார், எதற்கு, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று. அவருடைய டாக்டரிடம் காட்டி, ராத்திரியில் என்னென்ன உதவி தேவை என்பதை எழுத்தில் வாங்குங்கள். மெடிக்கெய்ட் திட்டக்காரர்கள் முதலில் மறுப்பார்கள், அவர்களுக்கு லிவ்-இன் மலிவு. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், அதிலும் மறுத்தால் ஃபேர் ஹியரிங் என்ற மாநில அரசின் விசாரணையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நோட்டு அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். நியூயார்க் சைனாடவுனில் சீன எய்டு பெண்கள், பலர் அறுபதைத் தொட்டவர்கள், பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்தப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டைத்தான். 2024-ல் நகர நிர்வாகக் கட்டடமான சிட்டி ஹால் எதிரே உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். முதுகும் தோளும் போய், தூக்கமே வராமல் போன பெண்கள். நோயாளியின் குடும்பமும் அதையே கேட்கும்போது அதற்கு வேறு பலம்.

மாமாவுக்கும் இது நல்லது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மூன்று ராத்திரி தூங்காத ஒருவர் நாலாவது காலையில் அவரைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போவதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஏஜென்சிக்கோ திட்டக்காரர்களுக்கோ போன் போடுவதற்கு முன்னால் உங்கள் எய்டிடம் பேசுங்கள். இதை முதலில் செய்யுங்கள். ஷிஃப்ட்டைப் பிரித்தால் அவருக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும், அந்த மணி நேரத்தில் அவர் குடும்பம் நடக்குமா, பகல் வேண்டுமா ராத்திரி வேண்டுமா, வேறு கேஸ் எதுவும் வைத்திருக்கிறாரா, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து அவரைக் கேட்காமல் நாம் முடிவு செய்து, அதில் அவர் கேஸே போய்விடக்கூடாது. புகார் கொடுத்தது அவர் என்று ஏஜென்சி நினைத்துவிடாமல், கேட்பது குடும்பம்தான் என்பது காகிதத்தில் தெளிவாக இருக்கட்டும். போன சீட்டில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தார்கள் என்றும் கேளுங்கள், தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், இன்னொரு நாள் கேட்கலாம்.

என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா